வானம் இடித்த கல்லில் கட்டிய ஊர்

ஊருக்கு ஒரு பெருமை உண்டு. கோயிலால் பெருமை பெற்ற ஊர்கள் உள. குளத்தால், சந்தையால், அங்கே பிறந்த ஒரு மனிதரால் பெயர் பெற்ற ஊர்களும் உள. ஆனால் தன் வீட்டுச் சுவரில் இருக்கும் கல்லாலேயே உலகப் புகழ் பெற்ற ஊர் எங்கேனும் உண்டா? உண்டு. பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில், ஷராந்த் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், ஷசெனோன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கு வாழ்வோர் ஆயிரம் பேருக்கும் குறைவு. வயலும் மேய்ச்சல் நிலமும் மரத் தோப்புமாகப் பரந்து கிடக்கும் நாட்டுப்புறம். வடக்கே வியென் ஆறு ஓடுகிறது. கிழக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் சென்றால் லிமோஜ் நகரம். பாரிசு நகரத்து ஈபெல் கோபுரத்தைப் படத்தில் காணாத மாணவர் நம்மில் எவரும் இரார். ஷசெனோன் என்ற பெயரைக் கேட்டவர் மிகச் சிலரே இருப்பர். நிலவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அவ்வூரைப் பற்றி நம் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் அவ்வூருக்குச் சென்றவன் அல்லன். ஆயினும் அதன் கல்லைப் பற்றிப் படித்தவை என் படிப்பின் மேல் எனக்கிருந்த பற்றை இரு மடங்காக்கின.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். பிரெஞ்சு நாட்டின் ஆட்சி முறையில் மிகச் சிறிய அலகுக்குக் 'கொம்யூன்' என்று பெயர். பெருநகரமும் ஒரு கொம்யூன்தான். நூறு பேர் வாழும் சிற்றூரும் ஒரு கொம்யூன்தான். ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமும், 'மேர்' எனப்படும் தலைவரும் உண்டு. 1789-ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து எழுந்த இந்த அமைப்பு இன்றும் நிலைத்து நிற்கிறது. அந்நாட்டில் இத்தகைய கொம்யூன்கள் ஏறத்தாழ 35,000 இருக்கின்றன. நம் நாட்டுப் பஞ்சாயத்தை நினைத்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும். ஷசெனோன் அந்த முப்பத்தையாயிரத்துள் ஒன்று. அதன் பக்கத்து ஊர், சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரோஷ்ஷுவார். அது சற்றுப் பெரிய ஊர். பழைய கோட்டையும், முறுக்கிவிட்டாற்போன்ற கூம்புக் கோபுரம் உடைய தேவாலயமும் உடையது. இரண்டும் அண்டை ஊர்களே ஆயினும் வெவ்வேறு மாவட்டங்களைச் சேர்ந்தவை.

நிலத்தடியில் ஒரு நீராட்டு மாளிகை

ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் உரோமப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. லியோன் நகரிலிருந்து லிமோஜ் வழியாக மேற்குக் கடற்கரைப் பக்கத்துச் செந்த் நகருக்கு ஒரு பெருவழி சென்றது. அந்த வழியில் அமைந்த ஊர் காசினோமாகுஸ். உரோமர் காலத்துச் சாலைகளைக் காட்டும் பழம்படம் ஒன்றில் இப்பெயர் இடம் பெற்றிருக்கிறது. 'மாகுஸ்' என்பது பழைய கால் மொழியில் சந்தையையோ சந்தை கூடும் வெளியையோ குறிக்கும் சொல். முதற்பகுதி ஓக் மரத்தைக் குறிப்பது என்பர். அந்தக் காசினோமாகுஸே காலப்போக்கில் தேய்ந்து ஷசெனோன் ஆயிற்று.

கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக இங்கே ஒரு பெரிய நீராட்டு மாளிகை எழுந்தது. உரோமர்க்கு நீராடல் என்பது உடம்பைத் தூய்மை செய்வது மட்டும் அன்று. பலர் கூடிப் பேசும் பொது வாழ்க்கையின் ஒரு பகுதி. குளிர்ந்த நீர்க் கூடம், இளஞ்சூட்டுக் கூடம், வெந்நீர்க் கூடம் என ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வார்கள். தரையைச் சிறு செங்கல் தூண்களின் மேல் நிறுத்தி, அடியில் அடுப்பின் வெப்பக் காற்றைச் செலுத்துவார்கள். அக்காற்று சுவருக்குள் பதித்த உள்ளீடற்ற ஓடுகளின் வழியே மேலேறும். இதனால் தரையும் சுவரும் ஒருங்கே சூடாகும். ஷசெனோன் மாளிகையில் இந்த ஏற்பாடு முழுவதையும் அடுக்கடுக்காகக் காணலாம். மேலே நீராடுவோர் தளம். அதன் கீழே அடுப்பு எரிப்போர் பணியாற்றிய தளம். அதற்கும் கீழே வளைவுக் கூரையுடைய நிலவறைகளும் கழிவுநீர் செல்லும் வழிகளும். கால்வாய் அமைத்து நீரைக் கொண்டுவந்தனர்.

பேரரசு தளர்ந்தது, மாளிகையும் பாழாயிற்று. மேல் தளங்கள் இடிந்து கீழ்த் தளங்களை மூடின. மண் ஏறிற்று, மண்ணின் மேல் பயிர் ஏறிற்று. மூடிய மண்ணே காவலாக நின்றதால் கீழ் அறைகள் உருக்குலையாமல் தங்கின. 1958-ஆம் ஆண்டு ழான் ஹென்றி மோரோ என்பவர் அங்கே அகழ்வைத் தொடங்கினார். பல ஆண்டுகள் நடந்த அப்பணியால் மண்ணுக்குள் இருந்த மாளிகை வெளிச்சத்திற்கு வந்தது. இன்று அது காசினோமாகுஸ் என்னும் பழம்பெயராலேயே தொல்பொருள் பூங்காவாக விளங்குகிறது. ஒரு சிற்றூருக்கு இந்தப் பெருமை ஒன்றே போதும். ஆனால் கதை இங்கேதான் தொடங்குகிறது.

எரிமலை இல்லாத ஊரில் எரிமலைக் கல்லா?

மாளிகையின் சுவர்களில் உள்ள கல், பசுமை கலந்த சாம்பல் நிறமுடையது. நுண்துளைகள் நிறைந்தது. கனம் குறைவு, உளிக்கு எளிதில் வளையும். கட்டுவோர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உரோமர் இதையே வெட்டினர். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் ஊர்த் தேவாலயத்துக்கும் வீடுகளுக்கும் இவ்வகைக் கல்லையே பயன்படுத்தினர். ரோஷ்ஷுவார் கோட்டைக்கும் இதன் இனக் கல் பயன்பட்டது.

கல்லை உற்று நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். அது ஒரே பொருளால் ஆனது அன்று. பல வகைப் பாறைகளின் உடைந்த துண்டுகள், மாவாக அரைத்த பாறைத்தூள், உருகிக் குளிர்ந்த கண்ணாடி போன்ற சிறு கட்டிகள் எல்லாம் ஒன்றாகப் பிசைந்து இறுகியதுபோல் தோன்றும். இத்தகைய உடைகல் கூட்டுக்கு நிலவியலார் 'பிரெக்சியா' என்று பெயரிட்டிருக்கின்றனர். அடியில் இருப்பவையோ கிரானைட்டும் நைஸும் ஆகிய பழம் பாறைகள். அவற்றின் மேல் உருகிய கட்டிகளோடு கூடிய இந்தப் படுகை எப்படி வந்தது? உருகிய பாறை என்றால் எரிமலை என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இதனை எரிமலையோடு தொடர்புபடுத்தினோர் பலர். ஆனால் எரிமலையின் வாய் எங்கே? குழம்பு வந்த வழி எங்கே? அதற்கு விடை இல்லை. கல் இருந்தது, காரணம் இல்லை.

பாரிசு நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கனிமவியலார் பிரான்சுவா கிராவுட். ஷசெனோன், ரோஷ்ஷுவார் கற்களின் தோற்றம் பற்றி இவர் 1935-ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டவர். அதே கற்களை விடாது ஆராய்ந்துவந்த அவர் 1967-இல் புதிய முடிவுக்கு வந்தார். இடைப்பட்ட காலம் 32 ஆண்டுகள். இன்று என் வயது இருபத்து மூன்று. நான் பிறந்து வளர்ந்த காலத்தினும் நீண்ட காலம் ஒருவர் ஒரே கேள்வியோடு இருந்திருக்கிறார் என்பதை எண்ணும்போதெல்லாம், ஆறு மாதத்தில் முடிவு காணத் துடிக்கும் எங்கள் ஆய்வுக்கூட அவசரம் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது.

குவார்ட்ஸ் சொன்ன சான்று

கிராவுட் கண்டது என்ன? குவார்ட்ஸ் என்பது நாம் ஆற்று மணலில் நாள்தோறும் மிதிக்கும் பொருள். அபிரகத்தை நகத்தால் ஏடு ஏடாகப் பிரிக்கலாம். அதன் அணுக்கள் அவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன. குவார்ட்ஸ் அப்படிப் பிரியாது. சுத்தியால் அடித்தால் கண்ணாடியைப்போல் ஒழுங்கின்றிச் சிதறும். ஆனால் ஷசெனோன் பகுதிக் கற்களில் உள்ள குவார்ட்ஸில், நுண்பெருக்கியின் கீழ், நேரான மெல்லிய கோடுகள் இணை இணையாக ஓடின. ஒரு திசையில் மட்டும் அல்ல. பல திசைகளில், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. இயல்பான குவார்ட்ஸில் இவை தோன்றா.

இவை தோன்ற வேண்டுமானால் இமைப்பொழுதில் அதிர்ச்சி அலை ஒன்று படிகத்தினூடே பாய வேண்டும். அதன் அழுத்தம் ஏறத்தாழ ஒரு இலட்சம் வளிமண்டல அழுத்தம் அளவுக்கு இருக்க வேண்டும். எந்த எரிமலையும் பாறைக்கு அத்தகைய அடியைக் கொடுக்க முடியாது. அணுகுண்டுச் சோதனை நடந்த இடங்களில் இத்தகைய குவார்ட்ஸ் கிடைத்திருக்கிறது. இயற்கையில் அதைச் செய்ய வல்லது ஒன்றே. அது, வானிலிருந்து பெருவேகத்தில் வந்து மோதும் பெருங்கல்.

அக்காலத்தில் இந்த அறிவு புதிது. 1960-இல்தான் அமெரிக்காவில் அரிசோனாப் பெருங்குழியில், கடும் அழுத்தத்தால் மட்டுமே உண்டாகும் 'கோயசைட்' என்னும் கனிமத்தைக் கண்டனர். அடுத்த ஆண்டு செருமனியின் ரீஸ் பள்ளத்திலும் அது கிடைத்ததாக ஷூமேக்கர், சாவ் ஆகிய இருவரும் அறிவித்தனர். ரீஸ் பள்ளத்திற்குள் அமைந்த நோர்ட்லிங்கன் நகரத்துத் தேவாலயமும் இத்தகைய மோதற் கல்லால் கட்டியதே. ஷசெனோன் கல்லும் ரீஸ் கல்லும் உடன்பிறந்தவைபோல் ஒத்திருந்தன. 1969-இல் கிராவுட், சார்ட், பிவன் பிரெஞ்ச் ஆகிய மூவரும் சேர்ந்து, விண்கல் மோதியதற்கு வாய்ப்புள்ள இடம் இது என்று ஓர் அறிக்கை வெளியிட்டனர். அந்த அறிக்கையின் தலைப்பிலேயே 'ஷசெனோன்' என்ற பெயர் இருக்கிறது. உச்சியிலிருந்து விசிறிபோல் வரிகள் விரியும் கூம்புவடிவப் பிளவுகளும் அப்பகுதிப் பாறைகளில் கிடைத்தன. மோதலுக்கு அவையும் தனிச் சான்று. ஐயம் அகன்றது.

ஒன்றை இங்கே கவனியுங்கள். 1958-இல் மண்ணுக்குள் இருந்த மாளிகை வெளிவரத் தொடங்கிற்று. 1967-இல் அம்மாளிகையின் கல்லுக்குள் இருந்த வரலாறு வெளிவந்தது. பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த ஒன்றும், இருபது கோடி ஆண்டுகள் மறைந்திருந்த ஒன்றும், பத்தாண்டுகளுக்குள் ஒரே ஊரில் வெளிப்பட்டன.

ஒரு சிறு கணக்கு

அந்த மோதல் எத்தகையது? வந்த கல்லின் குறுக்களவு ஒரு கிலோமீட்டர் என்று கொள்வோம். அறிஞர் மதிப்பீடுகளும் இந்த அளவை ஒட்டியே இருக்கின்றன. அடர்த்தி நீரைப்போல் மூன்று மடங்கு. வேகம் நொடிக்கு 20 கிலோமீட்டர். கல்லின் நிறை ஏறத்தாழ 150 கோடி டன் ஆகும். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் வரும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே வாய்பாடுதான். விடையை 1945-இல் ஹிரோஷிமாவின் மேல் விழுந்த குண்டின் ஆற்றலால் வகுத்தால் ஏறத்தாழ 50 இலட்சம் வருகிறது. ஐம்பது இலட்சம் ஹிரோஷிமாக் குண்டுகள் ஒரே இடத்தில், ஒரே நொடியில்!

கல் ஆவியாயிற்று. அதனால்தான் அதன் துண்டு ஒன்றுகூட இன்று அங்கே கிடைப்பதில்லை. பாறைகளில் கலந்துள்ள நிக்கல் முதலிய பொருள்களின் மிகுதியே அது வந்து போனதற்கு அடையாளம். நிலம் நீர்போல் அலைந்தது. இருபது கிலோமீட்டருக்கு மேல் அகலமான பள்ளம் திறந்தது. உடைந்தவையும் உருகியவையும் மேலெழுந்து மீண்டும் பள்ளத்துக்குள்ளேயே கொட்டின. பின்னர் உரோமர் வெட்டியது அந்தக் குப்பையைத்தான். ஷசெனோனில் இந்தப் படுகையின் உச்சியில் சாம்பல் போன்ற மெல்லிய மண் படிவமும் எஞ்சியிருக்கிறது. புழுதி அடங்கும்போது கடைசியாக இறங்கிப் படிந்தது அது. இருபது கோடி ஆண்டு மழைக்கும் காற்றுக்கும் தப்பி அது நிற்பது பெரு வியப்பு.

இன்று அங்கே சென்றால் பள்ளம் எதுவும் கண்ணில் படாது. விளிம்புகள் தேய்ந்துவிட்டன, ஆறுகள் தம் போக்கில் நிலத்தை அறுத்துவிட்டன. வடிவம் போயிற்று, கல் மட்டும் நின்றது. நாம் கல்வி கற்கும் இந்த மராட்டிய மாநிலத்திலேயே புல்டாணா மாவட்டத்து லோணார் ஏரி இருக்கிறது. கருங்கற் பாறையில் விண்கல் தோண்டிய பள்ளம் அது, குறுக்களவு 1.8 கிலோமீட்டர். எங்கள் வகுப்பு அங்கே சென்றபோது கரையில் நின்று முழு வட்டத்தையும் ஒரே பார்வையில் கண்டேன். அங்கே வடிவம் பளிச்செனத் தெரிகிறது. ஆயினும் அதுவும் நெடுங்காலம் எரிமலையின் வேலை என்றே கருதப்பட்டது. 1973-இல்தான் துளையிட்டெடுத்த கற்களைக் கொண்டு உண்மையை நாட்டினர். ஷசெனோனில் பார்ப்பதற்குப் பள்ளம்கூட இல்லை. மணலினும் சிறிய படிகத்தில் ஓடும் கோடுகளைக் கொண்டு ஒரு பெரும் பள்ளத்தை மீட்டெடுத்தனர் என்பதே அதன் தனிச் சிறப்பு.

பெருமையும் உண்மையும்

இந்த மோதல் எப்போது நடந்தது? பாறையில் உள்ள பொட்டாசியத்தின் ஒரு வகை அணு மிக மெதுவாகச் சிதைகிறது. அதில் பாதி அழிய 125 கோடி ஆண்டுகள் ஆகும். சிதைவில் ஒரு பங்கு ஆர்கான் வாயுவாகி உள்ளேயே அடைபடுகிறது. பாறை உருகும்போது பழைய ஆர்கான் வெளியேறிவிடும். உறைந்தபின் புதிதாகச் சேரத் தொடங்கும். சேர்ந்த ஆர்கானை அளந்தால் உருகிய நாளைக் கணக்கிடலாம்.

2010-இல் வெளியான ஓர் ஆய்வு, மோதலின் வயது 20 கோடியே 10 இலட்சம் ஆண்டுகள், பிழை எல்லை 20 இலட்சம் என்று கூறிற்று. இதைக் கேட்டவுடன் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தனர். ஏனெனில் திரியாசிக் காலம் முடிந்து ஜுராசிக் காலம் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். அப்போது உயிரினங்களில் பெரும்பகுதி உலகெங்கும் அழிந்தது. அந்தப் பேரழிவுக்கு இந்தச் சிற்றூரில் விழுந்த கல்லே காரணமாய் இருக்குமோ? ஓர் ஊருக்கு இதைவிடப் பெரிய பெயர் கிடைக்குமா?

2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு, நுட்பம் மிகுந்த அளவையால் 20 கோடியே 69 இலட்சம் ஆண்டுகள் என்று கண்டது. பிழை எல்லை 2 இலட்சமே. அப்படியானால் கல் விழுந்தது பேரழிவுக்கு ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் முன். குற்றம் சாட்டப்பட்ட கல் விடுதலை பெற்றது. ஊரும் அந்தப் பெரும் பெயரை இழந்தது.

இந்த இடத்தில்தான் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வெளி மாநிலத்தில் வாழும் நாம் ஒன்று கூடினால் நம் பழமையைப் பேசுகிறோம், பேச வேண்டியதே. ஆனால் ஆண்டு பெருகப் பெருகக் கைதட்டலும் பெருகுவதை நம் சங்க மேடையிலேயே கண்டிருக்கிறேன். ஷசெனோன் கல்லின் வயது ஐம்பது இலட்சம் ஆண்டுக்கு மேல் கூடியபோது அதன் புகழில் ஒரு பங்கு குறைந்தது. மூத்தது என்பதால் சிறப்பு வந்துவிடவில்லை. சரியானது என்பதால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. பெருமைக்கு ஏற்ப ஆண்டைத் தேடுபவன் தன் முன்னோரைப் போற்றுகிறவன் ஆகான். கிடைத்த சான்றுக்கு ஏற்பத் தன் பெருமையைத் திருத்திக்கொள்பவனே அவர்களை உண்மையாகப் போற்றுகிறவன்.

காப்பவர் யார்?

2008-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு 'ரோஷ்ஷுவார்–ஷசெனோன் விண்கல் வடு' என்ற பெயரில் இப்பகுதியைத் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர். அது ஒரே வேலிக்குள் அமைந்தது அன்று. பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் 12 இடங்களின் தொகுப்பு. பழைய கற்சுரங்கங்களும் பாறை முகப்புகளும் அதில் அடங்கும். இரண்டு மாவட்ட மக்களும் சேர்ந்து காக்க வேண்டியது அது. விண்கல் விழுந்தபோது மாவட்ட எல்லை ஏது?

காப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு காலத்தில் வீடு கட்ட விரும்பியவன் வேண்டிய கல்லை வெட்டிக்கொண்டான். அதனால்தான் ஊருக்கு இந்த அழகு வந்தது. எல்லோரும் இன்னும் வெட்டிக்கொண்டே இருந்தால் கல்லின் வரலாறு அழியும். ஆய்வாளனும் கல்லை உடைத்தே படிக்கிறான். அவனும் ஒரு வகையில் அழிப்பவனே. இன்று காப்பகத்துக்குள் இசைவின்றி எவரும் ஒரு துண்டும் எடுக்கலாகாது. இருந்தும் அறிவு வளர வேண்டுமே! 2017-இல் காப்பகத்தில் ஒழுங்காகத் திட்டமிட்டுப் பல இடங்களில் துளையிட்டுக் கல் தண்டுகளை எடுத்தனர். ஒருமுறை எடுத்ததைப் பாதுகாத்துப் பல நாட்டு ஆய்வாளர்களும் பகிர்ந்துகொள்வது ஏற்பாடு. ஆளுக்கு ஒரு சுத்தியோடு வருவதைவிட இது அறிவுடைமை.

லோணார் ஏரி 2020-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம் பெற்றது. நல்ல செய்தி. ஆனால் பட்டியலில் பெயர் ஏறுவதோடு காவல் முடிந்துவிடாது. அங்கே செல்லும் மாணவர்கள் நினைவுக்கு ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை. அடுத்த ஆண்டு செல்லவிருக்கும் நம் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு: கண்ணாலும் குறிப்பேட்டாலும் எடுத்து வாருங்கள், கையால் எடுக்க வேண்டா.

ஷசெனோனில் நீராட்டு மாளிகையைக் கட்டிய கொத்தனுக்குத் தன் கையில் இருப்பது வானம் இடித்த கல் என்று தெரியாது. இலேசான கல், நன்றாக வெட்டுப்படும் கல் என்பதுதான் அவன் அறிந்தது. அந்த அறிவும் பொய்யன்று. மோதலின் வெப்பத்தாலும் சிதறலாலும் வந்த துளைகளே அந்த இலேசுக்குக் காரணம். அவன் உளியால் அறிந்ததை, கிராவுட் நுண்பெருக்கியால் அறிந்தார்; பின்வந்தோர் ஆர்கானால் அறிந்தனர். ஆயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊரில் இத்தனை பேருக்கும் வேலை இருந்தது. நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும் அவ்வாறு யாருக்கோ ஒரு வேலை காத்திருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள், வீட்டுத் திண்ணைக் கல்லையும் கோயில் மதிற் கல்லையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள். அது எந்தப் பாறை, எந்த மலையிலிருந்து வந்தது, யார் கொணர்ந்தார் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்பினால் இவ்விதழின் அடுத்த மலருக்கு அதுவே நல்ல கட்டுரையாகும்.